ஹன்டிங்டன் நோய்: மறதிக்கு முன்னால் வரும் மந்தம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

குடும்பத்தில் ஹன்டிங்டன் நோய் இருப்பவர்களும், அவர்களோடு வாழ்பவர்களும், அவர்களைப் பார்க்கும் பொது மருத்துவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கை கால் ஆட்டத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்தப் பக்கம் யோசனையில் வரும் மாற்றங்களுக்கு மட்டும்.

ஹன்டிங்டன் என்றால் கை கால் தானாக ஆடும் நோய்தானே? யோசனைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அதுவே நோயின் அடையாளம் ஆகிவிட்டது. 1872-இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விவரித்தபோதே, மனநிலை கெடுவதையும் தற்கொலை நாட்டத்தையும் சேர்த்துத்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் ஆட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

காரணம் 4-ஆம் குரோமோசோமில் உள்ள எச்.டி.டி. மரபணு. 1993-இல் அது அடையாளம் காணப்பட்டது. அந்த மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்துத் துண்டு அடுத்தடுத்து வரும். அது அளவுக்கு மேல் நீண்டுபோவதுதான் கோளாறு. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு.

முதலில் தேய்பவை மூளையின் உட்பகுதியில் இருக்கும் காடேட், புட்டாமென் என்ற இரண்டு பகுதிகள். அசைவு மட்டும் இவற்றின் வேலை இல்லை. நெற்றிப்பக்க மூளையோடு இவை பிணைந்திருக்கின்றன. எதைத் தொடங்குவது, எதை நிறுத்துவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்பதெல்லாம் இந்தப் பிணைப்பின் வழியாகத்தான் நடக்கிறது. ஆனால், வழக்கமான முறையில் “நோய் தொடங்கிவிட்டது” என்று மருத்துவர் எழுதுவது, அசைவுக் குறைகள் இந்த நோயால்தான் என்று 99 சதவீதம் உறுதிப்பட்ட பிறகே. யோசனையில் வரும் மாற்றம் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு முந்தியே விழுந்துவிடுகிறது, எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாமல்.

எத்தனை வருடம் முன்பே தெரியும்?

நுட்பமான சோதனைகளில் சிலருக்கு 10 முதல் 15 வருடம் முன்பே. இது ஒரு கூட்டத்தின் சராசரியைப் பார்த்துச் சொல்வது. தனி ஒருவரிடம் சந்தேகமில்லாமல் பிடிபடுவது பெரும்பாலும் இன்னும் நெருங்கி வந்த பிறகுதான்.

இதை நிறுவியவை நீண்ட நாள் ஆய்வுகள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட பிரெடிக்ட்-எச்டி ஒன்று. 2008-இல் தொடங்கி லண்டன், பாரிஸ், லைடன், வான்கூவர் ஆகிய நான்கு ஊர்களில் 366 பேரைப் பின்தொடர்ந்த டிராக்-எச்டி இன்னொன்று. எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020-இல் வெளிவந்த லண்டன் ஆய்வு, நோய் வெளிப்பட சராசரியாக 24 வருடம் மீதமிருந்த இளைஞர்களை எடுத்து விரிவாகச் சோதித்தது. யோசனைத் திறனில் குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை. மரபணு பிறவியிலேயே இருக்கலாம். மூளை பல பத்தாண்டு நன்றாகவே வேலை செய்கிறது.

ஏன் இந்த நீண்ட அமைதி? 2025-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. பிறக்கும்போது 42 ஆக இருந்த துண்டு எண்ணிக்கை, காடேட் பகுதியின் சில நரம்பணுக்களில் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நீள்கிறது. ஏறத்தாழ 150-ஐத் தாண்டிய பிறகே அந்த அணு நோய்ப்படுகிறது. ஒவ்வொரு அணுவும் அந்த எல்லையைத் தொடும் நேரம் வேறுவேறு. அதனால்தான் திறன் ஒரே நாளில் விழாமல், தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதைப் போலக் குறைகிறது.

முதலில் வருவது மறதிதானே?

இல்லை. இந்தத் தவறான எதிர்பார்ப்பால்தான் பல வீடுகளில் ஆரம்பம் கவனிக்கப்படாமல் போகிறது. “அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, அதனால் ஒன்றுமில்லை” என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் வருவது வேகக்குறைவு. அதோடு, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலைகளைக் கையாள முடியாமை. சமையலறையில் இது நன்றாகத் தெரியும். ஓர் அடுப்பில் குழம்பு, இன்னொன்றில் பால், நடுவில் தாளிக்கக் கடுகு. முப்பது வருடமாகச் செய்த வேலை. இப்போது கடுகைத் தேடும்போது பால் பொங்கி வழிகிறது. பாலைத் துடைக்கும்போது குழம்பு அடிப்பிடிக்கிறது. செய்முறை எதுவும் மறக்கவில்லை. குழம்பை மட்டும் வைக்கச் சொன்னால் அதே கைப்பக்குவத்தில் வைத்துவிடுவார். ஒரே ஒரு வேலை என்றால் சரி, மூன்றைக் கோத்தால் குளறுபடி. இந்த வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது தொடக்கமின்மை. ஒரு மனைவி இதை எப்படிச் சொல்வார் என்றால்: “சொன்னா செய்வாரு. சொல்லலன்னா அப்படியே உட்கார்ந்திருப்பாரு.” இதைவிடத் துல்லியமாக எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. சோம்பல், திமிர், மனைவி மேல் அக்கறை இல்லை என்றெல்லாம் வீட்டில் பெயர் வைப்பார்கள். உள்ளே நடப்பது, வேலையைத் தானாகத் தொடங்கிவைக்கும் விசை பழுதாவது. மனநிலை சார்ந்த அறிகுறிகளில் நோயின் போக்கோடு ஒட்டி ஏறிக்கொண்டே போவது இதுதான். மனச்சோர்வும் எரிச்சலும் வரும், போகும்.

மூன்றாவது, பிறர் முகத்தைப் படிப்பதில் சறுக்கல். குறிப்பாகக் கோபம், அருவருப்பு, பயம். எதிரில் இருப்பவர் கடுப்பில் இருப்பது புரியாமல் பேசிக்கொண்டே போவார்கள். நான்காவது, நேர மதிப்பீடு தவறுவது: “அஞ்சு நிமிஷத்துல வர்றேன்” என்பது முக்கால் மணி நேரம் ஆகும்.

ஞாபகமும் பின்னால் பாதிக்கப்படும். ஆனால் விதம் வேறு. 12 சொற்களைப் படித்துக்காட்டி, இருபது நிமிடம் கழித்துக் கேட்டால் ஐந்துதான் சொல்வார். “இந்தப் பட்டியலில் ‘ரோஜா’ இருந்ததா?” என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார். சேமித்தது உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. அல்சைமர் நோயில் அந்தக் குறிப்பு கொடுத்தாலும் பெரிதாகப் பயன்படாது.

சிஏஜி எண்ணிக்கை 43 என்று வந்திருக்கிறது. எப்போது தொடங்கும் என்று அதை வைத்துச் சொல்லலாமா?

சராசரியைச் சொல்லலாம், தேதியைச் சொல்ல முடியாது.

26 வரை இயல்பு. 27 முதல் 35 வரை இருந்தால் அவருக்கு நோய் வராது என்றே கொள்ளலாம். ஆனால் அடுத்த தலைமுறையில் நீள வாய்ப்புண்டு. 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 40-உம் அதற்கு மேலும் என்றால், வழக்கமான ஆயுள் வாழ்ந்தால் வரும்.

ஆய்வாளர்கள் வயதையும் எண்ணிக்கையையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுவார்கள். எண்ணிக்கையில் 30-ஐக் கழித்து, வயதால் பெருக்கி, 6.49-ஆல் வகுப்பது. 43 உள்ள 35 வயதுக்காரருக்கு: 13 × 35 ÷ 6.49, அதாவது சுமார் 70. அவருக்கு 50 வயதாகும்போது 100. அந்த 100-ஐ ஒட்டித்தான் சராசரியாக அசைவு அறிகுறிகளை வைத்து நோய் உறுதியாகும்.

இதைப் பஞ்சாங்கம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிப்படும் வயதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கை இந்த எண் விளக்குகிறது, முழுவதையும் அல்ல. எஃப்.ஏ.என்.1, எம்.எஸ்.எச்.3 போன்ற டி.என்.ஏ. பழுதுபார்க்கும் மரபணுக்களும் வருடக்கணக்கில் முன்னே தள்ளும், பின்னே இழுக்கும். ஒரே எண்ணிக்கை கொண்ட அண்ணன் தம்பி பத்து வருட வித்தியாசத்தில் நோய்ப்படுவது அதிசயமில்லை. இந்தக் கணக்கால் ஒரு உருப்படியான பயன் உண்டு: கணக்கின் விடை 40-ஐ ஒட்டியிருப்பவருக்கு வருடாவருடம் நுட்பச் சோதனை தேவையில்லை, விடை 80-ஐத் தாண்டியவருக்கு விட்டுவிடக் கூடாது.

எம்.எம்.எஸ்.இ. சோதனையில் 30-க்கு 30. அப்படியானால் ஒன்றுமில்லைதானே?

அப்படி முடிவு செய்ய முடியாது. இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று பொருள்களின் பெயரைத் திரும்பச் சொல் என்று கேட்கும் சோதனை அது. ஞாபகத்துக்கும் இடம், நேர உணர்வுக்கும் அதில் இடமுண்டு. வேகத்தை அளக்க எதுவுமே இல்லை. ஹன்டிங்டனில் முதலில் போவது வேகம். இந்தச் சோதனை தேடுகிற இடமே வேறு.

மோகா சோதனை பரவாயில்லை. அதில் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைப்பது, ஓர் எழுத்தில் சொற்கள் சொல்வது எல்லாம் உண்டு. முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். அதிலும் 28 எடுத்துவிட்டு அலுவலகத்தில் திணறுகிறவர்கள் இருக்கிறார்கள். வருடாவருட மாற்றத்தை அளக்க அது போதாது.

சரியான சோதனைகள் எவை? எப்படி நடக்கும்?

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எஸ்.டி.எம்.டி. ஒரு தாளின் மேலே ஒன்பது குறிகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை ஓர் எண். கீழே வரிசை வரிசையாக அந்தக் குறிகள் கலைந்து கிடக்கும், அவற்றின் அடியில் காலிக் கட்டம். முதல் பத்துக் கட்டம் பயிற்சி. பிறகு ஸ்டாப்வாட்ச் ஓடும். 90 விநாடியில் எத்தனை கட்டம் சரியாக நிரப்பினார் என்பதுதான் மதிப்பெண். எளிமைதான். ஆனால் கண் மேலே போக வேண்டும், குறியைப் பிடிக்க வேண்டும், எண்ணை மனத்தில் ஏந்திக் கீழே வர வேண்டும், எழுத வேண்டும், உடனே அடுத்ததுக்குத் தாவ வேண்டும். இத்தனையும் சேர்வதால்தான் இது இவ்வளவு சீக்கிரம் குறைகிறது. 2022-இல் வந்த புதிய நிலைப் பகுப்பிலும் இதற்கு இடம் உண்டு: ஸ்கேனில் காடேட், புட்டாமென் சுருக்கம் தெரிவது 1-ஆம் நிலை, அசைவுக் குறியோ எஸ்.டி.எம்.டி. குறைவோ தெரிவது 2-ஆம் நிலை. அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுவது 3-ஆம் நிலை.

ஒரு எச்சரிக்கை. இந்த நோயில் கண்ணைச் சட்டென்று திருப்புவதும் மந்தமாகும், விரலும் மந்தமாகும். எனவே மதிப்பெண் குறைந்தால் யோசனை மட்டுமே காரணம் என்று எழுதிவிட முடியாது. கை எழுத்தில் ஐயம் இருந்தால் வாயால் பதில் சொல்லும் வடிவத்தையும் செய்து பார்ப்பது நல்லது. இரண்டிலும் ஒன்றுபோல் குறைந்தால் கையின் மேல் பழி போட முடியாது.

ஸ்ட்ரூப் சோதனையில் மூன்று பக்கங்கள், பக்கத்துக்கு 45 விநாடி: நிறத்தைச் சொல்வது, சொல்லைப் படிப்பது, “சிவப்பு” என்ற சொல் பச்சை மையில் இருந்தால் மையின் நிறத்தைச் சொல்வது. மூன்றாவது பக்கம்தான் கடினமானது. அதனால் அதுதான் நோயைக் காட்டும் என்று நினைப்பார்கள். நடைமுறையில் வெறுமனே படிக்கும் பக்கமே நோயின் போக்கை நன்றாகப் பின்தொடர்கிறது. மருந்து ஆய்வுகளில் பயன்படும் கூட்டு மதிப்பெண்ணில் எஸ்.டி.எம்.டி.யோடு சேர்த்திருப்பதும் அதைத்தான்.

இவற்றோடு டிரெயில் மேக்கிங் உண்டு (1-லிருந்து 25 வரை கோடிழுப்பது ஒரு பகுதி, எண்ணும் எழுத்தும் மாறி மாறி இழுப்பது இன்னொன்று). 60 விநாடியில் சொற்கள் சொல்வது, முகப்படங்களில் உணர்ச்சியை இனம்காண்பது ஆகியவையும் உண்டு. தாளத் தட்டு என்று ஒன்று இருக்கிறது: சீரான இடைவெளியில் ஒலி வரும், அதோடு ஒத்து விரலால் தட்ட வேண்டும், பிறகு ஒலி நின்றுவிடும், அதே தாளத்தில் தொடர வேண்டும். காலப்பிரமாணம் பிடித்துப் பாடியவர்களுக்கு இது என்னவென்று விளக்கவே வேண்டாம். நோய் நெருங்கியவரின் தட்டு தாளத்தில் நிற்காது. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடும், குறையும்.

தமிழில் இந்தச் சோதனைகளைச் செய்தால் என்ன சிக்கல்?

சிக்கல் உண்டு, ஆனால் தாண்டக்கூடியதே.

சொல் சொல்லும் சோதனையில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். தமிழில் “க”-வில் தொடங்கும் சொற்கள் என்றதும் எதிரில் இருப்பவர் கேட்பார்: “கா, கி எல்லாம் சேர்த்தியா?” ஒரு தடவை ஆம் என்று சொல்லி, அடுத்த வருடம் வேறொருவர் இல்லை என்று சொன்னால் மதிப்பெண் பாதியாகும், நோய் முற்றிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். எந்த விதி சொல்லப்பட்டது என்பதைத் தாளின் மேலேயே எழுதிவைக்க வேண்டும். பேச்சுவழக்குச் சொல்லும் ஆங்கிலக் கலப்பும் ஏற்கப்படுமா என்பதையும்தான்.

ஸ்ட்ரூப்பில் “ரெட்” ஓரசை. “சிவப்பு” நான்கு எழுத்து. 45 விநாடியில் வாயால் சொல்லக்கூடிய எண்ணிக்கையே மாறும். ஆங்கிலம் பேசுவோரிடம் எடுத்த அளவுகோலைத் தமிழ்த் தாளுக்குப் பொருத்தினால் நல்ல நிலையில் இருப்பவரும் குறைவாகத்தான் தெரிவார். டிரெயில் மேக்கிங்கில் எழுத்துவரிசை தடுமாறுகிறவர்களுக்கு, நிறத்தை மாற்றி மாற்றி இணைக்கும் கலர் டிரெயில்ஸ் வடிவம் உண்டு.

எஸ்.டி.எம்.டி.யில் மொழி குறைவு. அங்கே பிரச்சினை படிப்பு. எட்டாம் வகுப்போடு நின்று, பென்சிலே பிடிக்காமல் இருபது வருடம் வேலை பார்த்தவரின் 28-ஐயும், வங்கி ஊழியரின் 28-ஐயும் ஒன்றாக வைக்க முடியாது. வங்கி ஊழியருக்கு அது சரிவாக இருக்கலாம். மற்றவருக்கு அதுவே அவருடைய முழுத்திறன்.

அப்படியானால் மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுவது?

அவரோடு அவரை.

சில விதிகளைக் கறாராகப் பின்பற்றினால்தான் அது நடக்கும். அதே மொழி, அதே தாள், முடிந்தால் அதே சோதனையாளர். காலை நேரம், முந்திய இரவு சரியான தூக்கம், படிக்கும் கண்ணாடி கையில். அமைதியான அறை, சோதனைக்கு நடுவே மொபைல் அடித்தால் அந்த 90 விநாடி கெட்டது கெட்டதுதான். அதை மறுபடி எடுக்காமல், என்ன நடந்தது என்று குறித்துவைக்க வேண்டும். இடைவெளி ஒரு வருடம். தொடக்கத்தில் எடுக்கும் முதல் இரண்டைத் தவிர, ஆறு மாதத்துக்குள் திரும்பச் செய்ய வேண்டாம்.

ஏனென்றால் பழக்கம். எந்தச் சோதனையும் இரண்டாம் முறை சுலபமாகும். ஒருவருக்கு எஸ்.டி.எம்.டி. வரிசை 46, 51, 50, 47, 42 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்தால் நான்கு புள்ளிதான் குறைந்திருக்கிறது. உண்மையில் 46 என்பது புது இடத்தின் தடுமாற்றம். அவருடைய அடித்தளம் 51. அங்கிருந்து ஒன்பது இறங்கியிருக்கிறது, அதுவும் தொடர்ந்து மூன்று முறை ஒரே திசையில். அதனால்தான் தொடக்கத்தில் சில வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, முதலாவதைப் பயிற்சியாக ஒதுக்கிவிடச் சொல்கிறோம். இரண்டாம் முறை கொஞ்சமும் ஏறவே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். நோய் நெருங்கியவர்களிடம் இந்தப் பழக்க ஏற்றம் குறைகிறது.

ஒரு தடவை மட்டும் குறைந்தால் முடிவு எதுவும் எடுக்காதீர்கள். இதையே சோதனை என்று மொபைல் செயலிகளில் தினமும் விளையாடிப் பார்ப்பதும் வேண்டாம். உண்மையான அளவீட்டை அது கெடுத்துவிடும்.

நோய் இல்லாமலே மதிப்பெண் குறையுமா?

தாராளமாக. மனச்சோர்வு முதல் சந்தேகம். இந்தக் குடும்பங்களில் அது அதிகம், அதற்கு மருத்துவமும் உண்டு. தைராய்டு குறைவு, பி12 குறைவு (சைவ உணவுக்காரர்களிடம் நிறையப் பார்க்கலாம்), குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், மது. இவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது மாத்திரைகள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் குளோனாசெபாம், அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில், மனநோய்க்கான சில மருந்துகள், எல்லாமே வேகத்தைக் குறைக்கும். ஆட்டத்துக்குக் கொடுக்கும் டெட்ராபெனசினும் தூக்கக்கலக்கம், சோர்வு தரும். சோதனைக்கு முந்திய மாதம் புது மருந்து தொடங்கியிருந்தால் அந்த அளவீட்டை ஒத்திவைப்பதே மேல். மருந்தைத் தாமாக நிறுத்திவிட்டு வருவது ஆபத்து, வேண்டாம்.

அவர் “எனக்கு ஒண்ணும் இல்ல” என்று அடித்துச் சொல்கிறார். பொய் சொல்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. தன் குறையைத் தானே உணரும் வழியையும் இந்த நோய் தாக்குகிறது. இது பிடிவாதமோ மறைப்போ ஆக வேண்டியதில்லை. கை ஆடுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “ஆடவில்லையே” என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள். வாதாடி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது, சண்டைதான் மிஞ்சும்.

அதனால் கூட இருப்பவரின் சாட்சியம் சோதனைக்குச் சமமானது. அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அறையில் கணவர் இருக்கும்போது “எல்லாம் நல்லாத்தான் இருக்காரு டாக்டர்” என்பவர், தனியே வந்தால் இரண்டு வருடக் கதையைச் சொல்வார். நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு செய்வது முறை.

வீட்டில் எதையெல்லாம் குறித்துவைக்கலாம்?

“கோபம் அதிகம்” என்று எழுதினால் பயனில்லை. என்ன, எப்போது, முன்பு எப்படி என்று எழுதுங்கள். கரண்ட் பில், சீட்டுப் பணம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை நினைவூட்டாமல் கட்டினாரா? பழகிய வேலைக்கு முன்பைவிட எவ்வளவு நேரம் கூடுதலாகிறது? தானாகத் தொடங்கியவை இந்த வாரம் எத்தனை? வண்டி ஓட்டும்போது உரசல், சிக்னல் தவறவிடுவது, திருப்பத்தில் தயக்கம் உண்டா? கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கிறாரா? மாதம் ஒரு பக்கம் போதும். தினமும் எழுத ஆரம்பித்தால் வீடு காவல் நிலையமாகிவிடும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் “நார்மல்” என்று வந்திருக்கிறதே?

கண்ணால் பார்த்து எழுதும் ரிப்போர்ட்டில் ஆரம்பச் சுருக்கம் தெரியாது. காடேட்டின் கன அளவை மென்பொருளால் அளந்து, வருடாவருடம் ஒப்பிட்டால்தான் தெரியும். பெரும்பாலான ஸ்கேன் மையங்களில் அது வழக்கமில்லை. நியூரோஃபிலமெண்ட் என்ற புரதத்தை ரத்தத்திலோ தண்டுவட நீரிலோ அளப்பதும் அப்படித்தான்: ஆய்வில் மிகப் பயனுள்ளது, நோய்க்குப் பல வருடம் முன்பே ஏறுகிறது. ஆனால் நரம்பணு எதனால் சிதைந்தாலும் அது ஏறும். ஒருவருடைய எண்ணை வைத்து “தொடங்கிவிட்டது” என்று சொல்ல அது உதவாது.

மரபணுச் சோதனை செய்துகொள்ளவில்லை. யோசனைச் சோதனை மட்டும் செய்துகொள்ளலாமா?

யோசித்துச் செய்ய வேண்டிய விஷயம். அப்பாவுக்கு நோய் உறுதியாகியிருந்து, உங்கள் மதிப்பெண் வருடாவருடம் இறங்கினால், மரபணு முடிவு கேட்காமலே பாதி தெரிந்துவிடுகிறது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒருவரின் உரிமை. பல நாடுகளில், ஆபத்தில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே அந்தச் சோதனையைச் செய்துகொள்கிறார்கள். எண்ணைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா என்பதை முதலில் மரபணு ஆலோசகரோடு பேசி முடிவு செய்யுங்கள். முறைப்படி, ரத்தம் எடுப்பதற்கு முன் ஆலோசனை, முடிவை நேரில் சொல்வது, பிறகு தொடர் சந்திப்பு ஆகியவை உண்டு. முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பும் இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். அறிகுறி இல்லாத 18 வயதுக்குட்பட்டோருக்குச் செய்வதில்லை.

டம்ளர் கைதவறினாலே பயமாக இருக்கிறது. இது ஆரம்பமா?

ஒரு டம்ளர் எதையும் நிரூபிக்காது. பெயர் மறப்பது, சாவியைத் தேடுவது, தட்டுத் தவறுவது எல்லாருக்கும் நடக்கும். ஆபத்தில் இருப்பவர் மட்டுமே அதை எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த எண்ணிக்கையே தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் இன்னும் இரண்டு டம்ளர் விழும். சரியாக எடுத்த ஓர் அடித்தள அளவீடு இதற்கு நல்ல மருந்து. “போன வருடத்துக்கும் இப்போதைக்கும் மாற்றமில்லை” என்று தாளில் பார்ப்பது, “ஒன்றுமில்லை, கவலைப்படாதே” என்பதைவிட வேலை செய்யும்.

பிள்ளைகளுக்கு வருமா? எப்படித் தெரியும்?

20 வயதுக்கு முன் தொடங்கும் வகை அரிது. எண்ணிக்கை பெரும்பாலும் 60-ஐத் தாண்டியிருக்கும், அநேகமாக அப்பா வழியில் வந்திருக்கும். ஆட்டத்தைவிட விறைப்பும் மந்தமும் அதிகம். படிப்பில் சரிவும் நடத்தை மாற்றமும்தான் பல நேரம் முதல் அடையாளம். கையெழுத்து சிதைவது, வலிப்பு ஆகியவையும் சேர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மதிப்பெண் குறைந்ததற்காக மட்டும் இந்த நோயைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

பரம்பரையாக வரும் எல்லா மூளை நோய்களிலும் இதே வரிசைதானா?

இல்லை. கொலம்பியாவின் அந்தியோக்கியா மாநிலத்தில், பி.எஸ்.இ.என்.1 மரபணு மாற்றத்தால் இளவயதிலேயே அல்சைமர் வரும் பெரிய குடும்பங்கள் உள்ளன. மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேரா பல பத்தாண்டு அவர்களைப் பின்தொடர்ந்தார். அங்கே லேசான குறை சராசரியாக 44 வயதிலும், முழு மறதிநோய் 49-ஐ ஒட்டியும் தெரிகிறது; முதலில் சரிவது ஞாபகம். சி9ஓ.ஆர்.எஃப்.72 என்ற மரபணுவால் வரும் நெற்றிப்பக்க மூளைத் தேய்வில் குணமும் நடத்தையும் முதலில் மாறலாம். ஹன்டிங்டனுக்கான சோதனைத் தொகுப்பை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

யோசனைச் சரிவுக்கு மருந்தே இல்லையே. சீக்கிரம் தெரிந்து என்ன பயன்?

யோசனை வேகத்தைத் திருப்பித் தரும் மருந்து இல்லை என்பது உண்மை. அல்சைமர் மாத்திரைகள் இதில் உதவுவதாக நிரூபணமாகவில்லை. சும்மா எழுதிக்கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

ஆனால் செய்ய நிறைய இருக்கிறது. மந்தமாக்கும் மாத்திரைகளைக் குறைக்கலாம். மனச்சோர்வையும் எரிச்சலையும் மருந்தால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். வேலையில் ஒரே நேரத்தில் பல பொறுப்பு என்பதை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினால், பல வருடம் கூடுதலாகப் பணியில் இருக்கலாம். வீட்டில் “ஏதாவது செய்யுங்களேன்” என்பதற்குப் பதில், “நாலு மணிக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வாங்க” என்று நேரத்தோடு ஒன்றே ஒன்றைச் சொன்னால் நடக்கும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பத்து விநாடி காத்திருங்கள். வண்டி ஓட்டுவதை, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சாலையிலேயே பார்த்து முடிவு செய்வது நல்லது. உயில், வங்கி நாமினி, பொறுப்புரிமைப் பத்திரம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் திறன் முழுதாக இருக்கும்போதே முடித்துவிடலாம். பெரிய முதலீடும் கடனும் ஒரே ஆளின் கையெழுத்தில் போகாதபடி இப்போதே ஏற்பாடு செய்யலாம்.

தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேளுங்கள். நோய் உறுதியாவதற்குச் சற்று முந்திய காலமும், வேலை, வண்டி, வரவுசெலவு என்று ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டிவரும் காலமும் ஆபத்து கூடியவை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம்: யாருக்கு வந்தது, எந்த வயதில், முதலில் என்ன தெரிந்தது. “குடிப்பழக்கம்”, “மனநோய்” என்று சொல்லிவைத்த பெரியப்பா, அத்தை ஆகியோரையும் சேருங்கள். மரபணு ரிப்போர்ட்டின் நகல், எண்ணிக்கையோடு. சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அட்டையோடு. படிக்கும் கண்ணாடி. மாதக் குறிப்புகள். கூட வாழும் ஒருவர்.

முந்திய சோதனைத் தாள்கள் இருந்தால் அவையும். ரிப்போர்ட்டில் “சராசரி”, “லேசான குறை” என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். 90 விநாடியில் எத்தனை, 45 விநாடியில் எத்தனை, எந்த மொழித் தாள், என்ன விதி சொல்லப்பட்டது என்று எழுதிக் கேளுங்கள். அடுத்த வருடம் வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போனாலும் அந்த எண்கள்தான் கூட வரும்.